முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் காம்பா நிதியும்

சுரங்கத்துக்கோ சாலைக்கோ காட்டு நிலத்தைப் பெறும் நிறுவனம், மாற்றுக் காடு வளர்க்கும் செலவையும், அழியும் காடு தந்துவந்த பயன்களுக்கு ஈடாக ‘நிகர இன்றைய மதிப்பு’ எனும் தொகையையும் அரசுக்குக் கட்ட வேண்டும். காடழிப்புக்கு எதிராகத் தொடரப்பட்ட கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் பிறப்பித்த உத்தரவிலிருந்து வளர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு, 2016-ஆம் ஆண்டின் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் நிலையான வடிவம் தந்தது. காம்பா நிதி என்று சொல்லப்படுவது இதுதான். தொகையில் 90 விழுக்காடு மாநில நிதிக்கும் 10 விழுக்காடு தேசிய நிதிக்கும் சேரும். நிதியாண்டு முடிந்தாலும் காலாவதியாகாது. நிரந்தர ஊழியர்களின் சம்பளத்துக்கு இதைச் செலவிடக் கூடாது.

2023 ஜூன் 5 அன்று தொடங்கிய மத்திய அரசின் மிஷ்தி திட்டம், ஐந்து ஆண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டரில், கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டை வளர்க்க இலக்கு வைத்தது. அதற்குத் தனிப் பெருநிதி ஒதுக்காமல், காம்பாவையும் நூறு நாள் வேலைத் திட்டத்தையும் இணைத்தே செலவைச் சமாளிப்பதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், திருவாரூர் மாவட்டக் கடலோரத்திலுள்ள முத்துப்பேட்டையில் கன்று நடுவதோடு வேலை முடிவதில்லை. முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டியதால், வெயில் பட்ட மண் பள்ளமாக அமிழ்ந்தது. அங்கே தேங்கிய கடல்நீர் வற்றி உப்புக் கடுத்து, கன்று பிழைக்க முடியாமல் போனது. அதனால்தான் மீன் முள்ளைப் போல ஒரு நடு வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறி இறங்க வழி செய்து, கரைச் சரிவில் அலையாத்தி விதைகளை ஊன்றுகிறார்கள். வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்தால் பழைய உப்பு திரும்பும். ஆகவே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் கவனம் தூர்வாரும் செலவுக்கும் கிடைக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

இதில் ஊர் மக்களுக்கும் இடமுண்டு. காம்பா பணத்தில் காட்டு நிலத்தில் நடக்கும் பணிகளைக் கிராம சபையையோ கிராம வனக் குழுவையோ கலந்தே செய்ய வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ‘காட்டைக் காக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த வாய்க்கால், அது எந்த ஆற்றில் பிரிகிறது, கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரப்பட்டது, இப்போது ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டு, அதன் நகலை மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.