நண்டு ஊருது, கதவு திறக்குது

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்தில் ரயில் பாலம் திறப்பதை ஒருமுறையாவது வேடிக்கை பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகமாக இருக்க மாட்டார்கள். 1914-இல் போக்குவரத்துக்கு வந்த பழைய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரட்டைக் கதவு போல இருபுறமும் எழும்பியது. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் வேறு மாதிரி. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது. எது அழகு என்று டீக்கடையில் வாக்குவாதம் நடக்கும். நான் பழைய பாலம் கட்சி.

என் அக்கா பேத்திக்கு இரண்டரை வயது. அவளுக்குக் கட்சி எதுவும் கிடையாது. புதிய பாலம் ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா" என்றாள். நாம் கேட்டால் பாலம் திறக்காது, அதற்குக் கப்பல் வர வேண்டும் என்று இரண்டரை வயதுக்கு எப்படிச் சொல்வது? வழி நெடுக அழுகை.

அதே பிள்ளை தங்கச்சிமடத்து வீட்டுத் திண்ணையில் ஒரு கெட்டி அட்டைப் படப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தின் ஒரு பக்கத்தில் குட்டிக் காகிதக் கதவு ஒட்டியிருக்கிறது. திறந்தால் உள்ளே நண்டு. சிரிப்பு. மூடுகிறாள், திறக்கிறாள், அதே நண்டு, அதே சிரிப்பு. எண்ணிப் பார்த்தேன், 17 தடவை. உள்ளே இருப்பது நண்டு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. திறப்பதற்கு முன்பே "நண்டு" என்று சொல்லிவிடுகிறாள். தெரிந்த சங்கதியில் அப்படி என்ன சந்தோஷம்?

விடை திண்ணையின் மறுகோடியிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா அவள் உள்ளங்கையைப் பிரித்து வைத்து, முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலையும் மடக்கி ஆளுக்கொரு வாய் சோறு கொடுத்து முடித்தாள். அப்புறம் இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்து, "நண்டு ஊருது... நரி ஊருது..." விரல்கள் மெதுவாக மேலே ஏறி, முழங்கைக் குழியில் வந்து நின்றன. அக்கா ஒன்றும் பேசவில்லை. பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். விரல் இன்னும் அக்குளைத் தொடவே இல்லை.

வரப்போவது என்ன என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. குழந்தைகளின் பாதி விளையாட்டுகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. முந்தானைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு "அம்மா எங்கே?" என்று கேட்பதும் இதே கதைதான். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதைக் குழந்தைகள் ஏறக்குறைய எட்டாவது மாதத்தில்தான் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்றார் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே. அந்த வயதுக்கு முன் பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை அதைத் தேடுவதில்லை. பின்னால் வந்த ரெனே பய்யர்ஜான் போன்றவர்கள், கையை நீட்டித் தேடத் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே குழந்தைக்கு இதில் ஒரு பிடிப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். பொருள் மறைந்திருக்கும்போது நடக்கக்கூடாத ஒன்று நடந்ததுபோலக் காட்டினால், சில மாதக் குழந்தைகூட அதையே கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கிறது.

இன்னொரு சரக்கும் இதில் இருக்கிறது: நான் செய்தேன், அது நடந்தது என்கிற ருசி. 1960களின் கடைசியில் கரோலின் ரோவி-காலியர் என்ற அமெரிக்க உளவியலாளர், தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைக்கொத்திலிருந்து ஒரு ரிப்பனை இறக்கிக் குழந்தையின் கணுக்காலில் கட்டினார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு, மூன்று மாதக் குழந்தைகளே இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு அதிகமாக உதைக்க ஆரம்பித்தன. நம் ஊரில் தூளிக்கு மேலே ஓலைக் கிலுகிலுப்பையைத் தொங்கவிடுவோம். ரிப்பன் கட்டத்தான் தோன்றவில்லை.

இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் புத்தகத்துக் கதவு. நண்டு ஊரும்போது எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்வது அப்பத்தா. பாலத்தில் முடிவு செய்வது கப்பல். புத்தகத்தில் அந்த அதிகாரம் பிள்ளையின் ஆள்காட்டி விரலுக்கு வந்துவிடுகிறது. அவளைப் பக்கத்திலிருந்து கவனித்தால் தெரியும்: கதவின் ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டு உடனே திறப்பதில்லை. ஒரு நொடி நம் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் திறக்கிறாள்.

வாடைக்காற்று தொடங்கியதும் ஒரு கோளாறு வந்தது. கதவுகள் ஒழுங்காக மூடவில்லை. எல்லாம் வெளிப்பக்கமாகச் சுருண்டு, நண்டின் கால் இடுக்கு வழியே தெரிய ஆரம்பித்தது. பிள்ளைக்குச் சரியான கோபம். ஒரு கையால் கதவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்கப் பார்த்தாள். ஒரு நாள் கதவே கையோடு வந்துவிட்டது. நான் கொஞ்சம் சத்தம் போட, அக்கா விட்டாள் ஒரு கேள்வி: "ஏன்டா தம்பி, திறக்கத்தானே கதவு வச்சிருக்கான். திறந்தா கிழியிற மாதிரி செஞ்சவனைக் கேளு, பச்சப்புள்ளையை ஏன் கேக்குற?"

நியாயம்தான். அதனால் காகிதத்தைக் கேட்டுப் பார்த்தேன்.

பனை ஓலையில் பெட்டி முடைபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓலை நரம்பின் போக்கில் மடித்தால் வணங்கும், குறுக்கே மடித்தால் முறியும். காகிதத்துக்கும் நரம்பு உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகளில் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் பழைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், கோடு போட்டதுபோல் வரும். குறுக்கே கிழியுங்கள், பல்லும் பள்ளமுமாகப் போகும். கதவின் கீல் இழைகளின் போக்கோடு அமைந்தால் நாள்பட உழைக்கும். இழைகளுக்குக் குறுக்கே விழுந்தால் மடிப்பு சீக்கிரம் வெடிக்கும். எங்கள் வீட்டு நண்டுக்கு வாய்த்தது இரண்டாவது.

சுருண்டதற்குக் காரணம் ஈரம். காகித இழை தண்ணீரைக் குடித்தால் நீளத்தில் அதிகம் வளராது, பருமனில்தான் ஊதும். கதவின் வெளிப்பக்கம் பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு, உள்பக்கம் வெறும் அட்டை. கடற்காற்றின் ஈரம் உள்பக்கம் வழியாக ஏறுகிறது. அந்தப் பக்கம் விரிகிறது, பூச்சு உள்ள பக்கம் விரிய மறுக்கிறது. விரிந்த பக்கம் புடைத்துக்கொள்ள, கதவு வெளிப்புறமாக வளைகிறது. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பூச்சு உள்ள புத்தகமாகப் பார்த்து வாங்கினால் கடலோர வீட்டில் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும்.

சரி, நாமே ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தேன். பாலப் புத்தகம்.

பழைய பாலம் சுலபம். நடுவில் சந்திக்கும் இரண்டு கதவுகள், கீல்கள் இரு ஓரத்தில். புதிய பாலத்துக்குத்தான், திறந்ததும் காகிதம் எழுந்து நிற்கும் பாப்-அப் வேண்டும். ஒரு ஏ4 அட்டையைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு வெட்டுகள். வெட்டிய பட்டையை உள்பக்கமாகத் தள்ளிவிட்டு அட்டையை எல் வடிவத்தில் திறந்தால், பட்டை ஒரு பெட்டி மாதிரி எழுந்து நிற்கும். அட்டையின் இரண்டு பக்கங்களும் பட்டையின் இரண்டு முகங்களும் சேர்ந்து ஓர் இணைகரம். அதனால் எந்தக் கோணத்தில் திறந்தாலும் பெட்டியின் மேல்முகம் கீழ்ப்பக்கத்துக்கு இணையாகவே எழும்பும். புதிய பாம்பன் பாலத்தின் நடுத்துண்டும் சாயாமல்தான் ஏறுகிறது. பெட்டி ஏறும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் நகரும், பாலம் அப்படி நகர்ந்தால் செய்தியாகிவிடும்.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். பாலம் பெரிதாகத் தெரியட்டும் என்று வெட்டுகளை 9 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போட்டேன். திறந்தால் பிரமாதம். மூடினால் பாலம் புத்தகத்துக்கு வெளியே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கணக்கு எளிது, முன்பே போடாததுதான் தப்பு. புத்தகம் மூடும்போது இணைகரம் தட்டையாகி, பட்டையின் முனை வெட்டின் இருமடங்கு தூரத்துக்குப் போகிறது. 9 இருமடங்கானால் 18. பாதி மடித்த ஏ4-இன் அகலமோ 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வெட்டு பக்கத்தின் பாதி அகலத்தைத் தாண்டக்கூடாது. 7 வரை போகலாம். பாப்-அப் புத்தகம் செய்பவர்களின் பெரிய தலைவலி இதுதான். திறந்த புத்தகத்தை எல்லாரும் ரசிப்பார்கள், அவர்கள் மூடிய புத்தகத்தை நினைத்துக்கொண்டே வரைய வேண்டும்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய்மர வத்தை வேண்டும் என்றாள் பிள்ளை. அதற்கு வேறு மடிப்பு. பாயை நடுவில் மடித்து, அதன் இரண்டு அடிகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்ட வேண்டும், மேலிருந்து பார்த்தால் அம்பு முனை போல. புத்தகத்தின் நடுமடிப்பு, பாயின் மடிப்பு, இரண்டு ஒட்டுக்கோடுகள், நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். புள்ளி தவறினால் பாய் எழும்பும்போது காகிதம் முறுக்கிக்கொள்ளும். பெட்டி மாதிரியில் நான்கு மடிப்புகளும் ஒன்றுக்கொன்று இணை, எங்கும் சந்திப்பதில்லை. பாய் மாதிரியில் நான்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கண்ணைப் பறிக்கும் பாப்-அப் கோட்டைகள், டைனோசர்கள் பலவற்றையும் பிரித்துப் பார்த்தால், உள்ளே இந்த இரண்டு வகை மடிப்புகள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

பட்டையை இழுத்தால் படம் அசைகிற புத்தகங்கள் நெம்புகோல் வகை. நண்டின் கொடுக்கு ஓர் அச்சில் சுழல்கிறது. அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் பட்டையைக் கட்டி, கொடுக்கின் நுனியை ஆறு சென்டிமீட்டரில் வைத்தால், பட்டையைக் கொஞ்சம் இழுத்தாலே நுனி அதைப்போல் ஆறு மடங்கு வீசும். விரல் ஆறு மடங்கு பலம் கொடுத்தாக வேண்டும், ஆனால் காகிதக் கொடுக்குக்கு என்ன கனம்? ஈரத்தில் பட்டை ஒட்டிக்கொள்ளும் நாளில்தான் கனம் தெரியும், கூடவே கிழியும் சத்தமும். இந்த வகையில் கெட்டிக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் லோதர் மெக்கன்டார்ஃபர் என்ற ஜெர்மானிய ஓவியர். மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி அச்சாணியாக வைத்து, ஒரே பட்டையை இழுத்தால் படத்தில் கண், கை, கால் எல்லாம் அசையும்படி செய்தார்.

அசையும் புத்தகங்கள் முதலில் பிள்ளைகளுக்காக வரவில்லை என்பது எனக்குப் பிடித்த தகவல். 13-ஆம் நூற்றாண்டில் மயோர்க்கா தீவின் ரமோன் லுல் தத்துவ விசாரணைக்காகப் பக்கத்தில் சுழலும் வட்டுகளை வைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் படிப்பவர்கள் மனித உடல் படத்தில் காகித மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குடலையும் ஈரலையும் பார்த்தார்கள். 1760களில்தான் லண்டனில் ராபர்ட் சேயர் என்பவர் மூடியைத் தூக்கினால் கதை மாறுகிற வேடிக்கைத் தாள்களை விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் பாப்-அப் புத்தகங்களை மடித்து ஒட்டுவது பெரும்பாலும் மனிதக் கைகளே. அதனால்தான் அந்த விலை.

விலையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கொடுத்தால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சிந்தியா சியோங், ஜூடி டிலோச் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரையிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். தூக்கவும் இழுக்கவும் வசதி உள்ள புத்தகத்தைவிட, வெறும் படமும் எழுத்தும் உள்ள சாதாரணப் புத்தகத்தில்தான் பிள்ளைகள் எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றார்கள்.

ஏன் என்பதற்கு டிலோச் 1998-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு வழிகாட்டுகிறது. ஒன்பது மாதக் குழந்தையிடம் பொருட்களின் வண்ணப்படத்தைக் காட்டினால், அது படத்தைத் தடவுகிறது, கிள்ளி எடுக்கப் பார்க்கிறது. படங்களையே அதிகம் கண்டிராத ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் இதையேதான் செய்தார்கள். எங்கள் பிள்ளையும் அந்த வயதில், தாளில் இருந்த இறாலை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட முயன்றவள்தான். பத்தொன்பது மாதம் ஆகும்போது குழந்தைகள் கிள்ளுவதை விட்டுவிட்டுச் சுட்டிக்காட்டுகிறார்கள். படம் ஒரு பொருள் அல்ல, வேறொன்றைக் குறிக்கும் அடையாளம் என்பது பிடிபட அவ்வளவு மாதம் ஆகிறது. எழுத்தும் அப்படியோர் அடையாளம். அந்தப் பக்கத்தையே மறுபடி பொம்மையாக்கிக் கொடுத்தால், கை பொம்மையோடு போய்விடுகிறது, அடையாளம் கவனத்திலிருந்து நழுவுகிறது.

இதற்காகக் கதவுப் புத்தகத்தை ஒதுக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அகரம் சொல்லித்தர வேண்டுமா, சாதா புத்தகம் போதும். பேச்சு வளர வேண்டுமா, கதவு நல்லது, ஆனால் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்க வேண்டும். "உள்ளே யாரு? வளைக்குள்ள என்ன பண்ணுது?" என்று அக்கா கேட்கிறாள். பிள்ளை கதவைத் திறக்காமல் பதில் யோசிக்கிறாள். அந்த நேரத்தில்தான் "கொடுக்கு" என்ற சொல் வந்தது, "ஆவுளியா" வந்தது. கடற்பசுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

பாலப் புத்தகம் இரண்டாவது முயற்சியில் சரியாக வந்தது. 6 சென்டிமீட்டர் வெட்டு, இழையின் போக்கில் மடிப்பு. அவள் கையில் கொடுத்து, "திற, பார்ப்போம்" என்றேன். நகத்தை ஓரத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திறக்கவில்லை.

"என்ன பாப்பா?"

"கப்பல் இன்னும் வரல தாத்தா" என்றாள்.