பப்: பலர் புகு மனை

நம் ஊர்ப் பேச்சில் பப் என்றால் காதைப் பிளக்கும் பாட்டும் மங்கல் விளக்கும்தான். இங்கிலாந்துச் சிற்றூரில் அதே சொல் வேறு படத்தைக் காட்டும்: கணப்படுப்பு, அதன் முன்னால் படுத்திருக்கும் நாய், மத்தியானச் சாப்பாடு, சில இடங்களில் மாடியில் தங்க அறை.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் வாலை நறுக்கி, தலையை மட்டும் வைத்துக்கொண்டது பப். 19-ஆம் நூற்றாண்டில் பேச்சில் பரவிய சுருக்கம். நறுக்கியதில் போனது 'வீடு'. உண்மையில் முக்கியமான சொல் அதுதான். இடைக்காலத்தில் வீட்டிலேயே ஏல் என்னும் பீர் வகையைக் காய்ச்சியவர்கள், வாசலில் ஒரு கழி நீட்டி இலைக்கொத்தைக் கட்டினால், 'சரக்கு தயார்' என்று பொருள். வழிப்போக்கர் தங்கும் 'இன்' தனி வகை. 'உள்ளே' என்ற பொருள்தரும் சொல்லோடு உறவுள்ள பழைய ஆங்கிலச் சொல் அது. திராட்சை மது விற்ற 'டாவர்ன்', கடையைக் குறிக்கும் லத்தீன் 'தபெர்னா'விலிருந்து வந்தது. இந்த மூன்றும் பின்னால் பப்புக்குள் கலந்துவிட்டன.

இங்கிலாந்தின் சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் ஊரின் 'ஜார்ஜ்' பப் நல்ல உதாரணம். ஹின்டன் மடத்துத் துறவிகள் கம்பளி வணிகர்களுக்காகக் கட்டியது. கீழே கல், மேலே மரச்சட்டம். 1685-இல் அரசருக்கு எதிராகக் கிளம்பிய மான்மத் கோமகன் இங்கே தங்கினார். புதுப்பிக்கப்பட்ட அதே கட்டடத்தில் இப்போதும் அறை, சாப்பாடு, பீப்பாய் ஏல் மூன்றும் உண்டு.

பீப்பாய் ஏல் என்பது சும்மா பீப்பாயில் வரும் பீர் அல்ல. ஈஸ்ட் உயிரோடு இருக்க, பப்பின் நிலவறையில் அது இரண்டாம் முறை நொதிக்கும். 11 முதல் 13 டிகிரி வரை குளுமை. வாயு ஏற்றித் தள்ளாமல் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்தால் மூன்று நாளில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஆலைகள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று வாயு பீருக்கு மாறியபோது, அதை எதிர்த்து 1971-இல் 'கேம்ரா' இயக்கம் பிறந்தது. (பீப்பாயும் நம் சொல் இல்லை, போர்ச்சுக்கீசியம் தந்தது.)

சரி, பப்புக்குத் தமிழ்? மதுக்கூடம், அருந்தகம் இரண்டும் பாருக்குப் பொருந்தும். வீட்டு வாசம் அவற்றில் இல்லை. சத்திரம் அறத்துக்குக் கட்டியது. காசு வாங்கும் 'இன்'னுக்கு ஒட்டாது. பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் இடத்தைக் காட்டும்போது, முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசையைச் சொல்லி, 'பலர் புகு மனை' என்கிறது. வாசலில் 'நறவு நொடைக் கொடி', அதாவது கள் விலைக்கு உண்டு என்னும் கொடி. பப்ளிக் ஹவுஸைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. இலைக்கொத்துக்கு ஈடாகக் கொடிகூட இருக்கிறது!

ஆகவே 'மதுமனை' என்பேன். அறையும் இருந்தால் 'தங்கல் மதுமனை'. "தவணையில் கிடைக்குமா, பட்டா உண்டா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். மனை என்றாலே சென்ட் கணக்கு நினைவுக்கு வரும் காலம் இது.