ஃப்ளோ பெஞ்ச் காட்டும் எண்ணை நம்பி ஹெட்டைக் குடையாதீர்கள்

"அண்ணா, பெஞ்ச்ல 20 சதவீதம் ஏறிச்சு. ஆனா ரோட்டுல வண்டி இழுக்கவே மாட்டேங்குது." ஹெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி வந்து நிற்கும் தம்பிகள் இந்த வருடம் ரொம்பவே அதிகமாகிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெட் வேலை பார்க்கிறவன் நான். ஹெட் என்பது வால்வுகளும் காற்று வழிகளும் இருக்கும் சிலிண்டரின் மேல்மூடி; அதன் வழியாகக் காற்றை இழுத்து, எவ்வளவு போகிறது என்று அளக்கும் கருவிதான் ஃப்ளோ பெஞ்ச். வீட்டில் ஃப்ளோ பெஞ்ச் செய்யாதீர்கள் என்று தடுக்க இதை எழுதவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். டை கிரைண்டரை எடுக்கும் முன் அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடைசியாக வந்தது ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பழைய யூசிஇ வகை இன்ஜின். காற்று உள்ளே போகும் வழியான இன்டேக் போர்ட்டில் விரலை விட்டதுமே வயிறு எரிந்தது. போர்ட், வால்வு வந்து உட்காரும் சீட்டை நோக்கித் திரும்பும் இடத்தில் உள்பக்க வளைவு வட்டமாக, மழமழவென்று தட்டுப்பட வேண்டும். அங்கே விரலைக் கீறும் விளிம்புதான் இருந்தது. போர்ட்டின் தரைப்பக்கத்தைப் பறித்து எடுத்திருக்கிறார் அந்தத் தம்பி. வேகமாக வரும் காற்று அந்த விளிம்பில் திரும்ப முடியாமல் சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். அப்படியானால் அவருடைய பெஞ்ச் எப்படி 20 சதவீதம் கூட்டிக் காட்டியது?

பெஞ்சையும் கொண்டுவரச் சொன்னேன். சிலிண்டருக்குப் பதிலாக 110 எம்.எம். பிவிசி பைப் வைத்திருந்தார். இன்ஜின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 எம்.எம். நிஜ சிலிண்டரில் வால்வுக்குப் பக்கத்திலேயே சுவர் இருந்து காற்றை நெருக்கும். அகலமான பைப்பில் அந்த நெருக்கடியே கிடையாது. இது ஒன்று. அடுத்தது இன்னும் மோசம். இந்த இன்ஜினுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். கிரைண்டிங் முடித்துக் கழுவியவர், ஒரு பிளக்கை மாட்ட மறந்துவிட்டார். முதல் டெஸ்ட்டில் மூடியிருந்த ஓட்டை, இரண்டாவது டெஸ்ட்டில் திறந்து கிடந்திருக்கிறது; அதன் வழியாகப் போன காற்றும் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிளக்கை மாட்டி, 70 எம்.எம். உள்விட்டத்தில் அடாப்டர் கடைந்து, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு ஸ்டாக் ஹெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிக லிஃப்ட்டில், அதாவது வால்வை அதிகமாகத் தூக்கித் திறந்தபோது, அவருடைய ஹெட் ஸ்டாக்கைவிடக் கீழே இறங்கியது. பறித்த அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பலாம்; ஆனால் அந்தச் சூட்டில் சீட் ரிங் தளர்ந்துபோகும் அபாயம் உண்டு. புது ஹெட் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

சரி, பெஞ்ச் சரியாகவே அளந்தது என்று வைத்துக்கொள்வோம். அது காட்டுவது சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்ற எண். அப்போதும் "சிஎஃப்எம் ஏறினால் ஹெச்பி ஏறும்" என்கிற நினைப்பு தவறு. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. பெஞ்சில் காற்று ஒரே சீராக, வறண்ட காற்றாக, நிற்காமல் ஓடுகிறது. இன்ஜினில் அப்படியா? 4000 ஆர்பிஎம்மில் இன்டேக் வால்வு நொடிக்கு 33 தடவை திறந்து மூடுகிறது. காற்றோடு பெட்ரோலும் போகிறது. போர்ட்டை அகலமாக்கினால் பெஞ்சில் எண் ஏறலாம், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் செத்துவிடும். வேகம் போனால் சிலிண்டர் நிரம்பாது, பெட்ரோலும் சரியாகக் கலக்காது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் உச்ச ஆர்பிஎம்மிலேயே ஓடும் வண்டிக்கு ஒரு கணக்கு. கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு வேறு கணக்கு. யூசிஇ 350 தன் முழு டார்க்கான 28 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்பிஎம்மிலேயே தரும் இன்ஜின். அதன் போர்ட்டை ரேஸ் வண்டிக்குக் குடைவது போல் குடைந்து என்ன பயன்?

இன்னொன்று: முழு லிஃப்ட்டில் வந்த எண்ணை மட்டும் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். வால்வு அந்த உயரத்தில் இருப்பது ஒரு கணம்தான். நடு லிஃப்ட்டை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கடக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் டயல் கேஜ் வைத்து எழுதுங்கள். உங்கள் இன்ஜினின் கேம் வால்வைத் தூக்காத உயரத்தில் அளப்பது வெட்டி வேலை. பல ஹெட்களில் நல்ல சீட் கட்டிங்கும் சீட்டுக்குக் கீழே லேசான சீர்செய்தலுமே போதும். போர்ட்டைத் தொடவே தேவையில்லை.

பிரஷரைப் பிடித்து வையுங்கள். 28 இன்ச் தண்ணீர் மட்ட வித்தியாசம் காட்டும் பிரஷரில் டெஸ்ட் என்றால், வால்வைத் திறக்கத் திறக்க அது இறங்கும். ஒவ்வொரு தடவையும் திரும்ப 28-க்குக் கொண்டுவர வேண்டும். 25-ல் எடுத்த ரீடிங்கை 28 என்று எழுதினால் ஐந்தரை சதவீதம் பிழை. பிரஷரைக் காட்டும், தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் குழாயில் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. கூர்மையான விளிம்போடு ஒரு ஓட்டை கடைந்த தகட்டை லேத்தில் செய்து வைத்துக்கொண்டு, தினமும் முதலில் அதை அளங்கள். நேற்று வந்த எண் இன்று வரவில்லையா? பெஞ்சைச் சரிசெய்யுங்கள், ஹெட்டைத் தொடாதீர்கள். அடுத்தவர் பெஞ்ச் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம்.

மோட்டார் காற்றை இழுக்கும் பெஞ்ச் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 28 இன்ச் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். இரண்டடிக்கு இரண்டடிப் பலகை மேல் அது கிட்டத்தட்ட 260 கிலோ அழுத்தம். மெல்லிய பிளைவுட், அக்ரிலிக் கண்ணாடி எல்லாம் உள்ளே நொறுங்கும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுங்கள். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய வாக்குவம் கிளீனர் மோட்டார்களில் பலவும் தான் இழுக்கும் காற்றிலேயே குளிர்பவை. வாயை அடைத்து ஓட்டினால் புகைந்துவிடும்.

கடைசியாக, தயவுசெய்து கேளுங்கள். பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவிய ஹெட்டை ஈரத்தோடு பெஞ்சில் வைக்காதீர்கள். அந்த மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் ஆவியை நேராக அந்தப் பொறியின் மேல் இழுத்துவிடுகிறீர்கள், அதுவும் மூடிய பெட்டிக்குள், அடுக்குமாடி வீட்டின் பால்கனியில். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், கம்ப்ரசரில் காற்றடியுங்கள், வெயிலில் காயவையுங்கள். முகர்ந்து பாருங்கள். துளி வாசனை இருந்தாலும் அன்றைக்கு டெஸ்ட் கிடையாது.