காலி கிரவுண்டும் கண்ணின் தாவலும்

மேற்கு மாம்பலம் வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். ரிச்சி தெருவில் பேரம் பேசி 24 அங்குல மானிட்டர் வாங்கினாராம். எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் கட்டுரை நடுவில் ஒரு பட்டையாக நிற்கிறது, இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறது. "சென்னையில் அரை கிரவுண்டு காலியாகக் கிடந்தால் விட்டுவைப்பார்களா சார்? இவ்வளவு இடத்தை ஏன் வீணடிக்கிறீர்கள்?"

வலைப்பக்கம் செய்து பிழைப்பவன் என்பதால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். திரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வைத்து அகலத்தை முடிவு செய்த காலம் ஒன்று உண்டு. மானிட்டர்கள் 1024 பிக்சல் அகலத்தில் இருந்தபோது பக்கத்தை 960 என்று வைத்தோம். 2, 3, 4, 5, 6, 8, 12 என எதனால் வகுத்தாலும் மீதியில்லாத அருமையான எண் அது. ஒரு வாடிக்கையாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 960-இன் கூட்டுத்தொகை 6, தனக்கு 5 தான் ராசி என்றார். சரி என்று 950 வைத்தேன். மூன்று பத்தியாகப் பிரித்தால் 2 பிக்சல் மீதி. அதை எந்தப் பத்திக்குக் கொடுப்பது என்பதற்கு அவருடைய நியூமராலஜியில் பதில் இல்லை.

அப்புறம் போன் வந்தது. 2007-இல் வந்த ஐபோன், தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பக்கங்களிடம் பொய் சொல்லி, முழுப் பக்கத்தையும் சுருக்கி எறும்பு எழுத்தில் காட்டியது. "உன் உண்மையான அகலத்தைச் சொல்" என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தால் போதும், பொய் நின்றுவிடும். திரைக்குத் தக்கபடி பக்கமே வளைந்துகொடுக்கட்டும் என்று 2010-இல் ஈத்தன் மார்கோட் என்ற வலை வடிவமைப்பாளர் எழுதினார். இன்று எல்லோரும் செய்வது அதைத்தான். போன் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மானிட்டர் பிரச்சினை வேறு. அதற்குக் காரணம் திரை இல்லை, கண்.

செய்தித்தாளின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதை ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து அந்த ஓட்டை வழியே அவர் கண்ணைப் பாருங்கள். நான் என் மாமியாரிடம் செய்தேன் (ராசிபலன் பக்கத்தில் ஓட்டை விழுந்ததற்குத் திட்டும் வாங்கினேன்). கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. கடிகாரத்தின் நொடிமுள் மாதிரி டக், டக், டக் என்று தாவுகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கிறது. நிற்கும்போதுதான் படிக்கிறோம், தாவும்போது ஏறக்குறைய குருடு. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் குழி சுமார் 2 பாகைதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அந்தச் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டுதான் மொத்தப் பக்கத்தையும் படிக்கிறோம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வரி முடிந்ததும் நடக்கும் தாவல். வலது ஓரத்திலிருந்து அடுத்த வரியின் இடது ஓரத்துக்குக் கண் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே போய் விழும். உடனே ஒரு குட்டித் தாவலில் சரிசெய்துகொள்ளும். இப்போது கணக்குப் போடுங்கள். அந்த மாம்பலம் மானிட்டரில் வரியை 50 செ.மீ.க்கு நீட்டுகிறோம், வரிக்கு வரி இடைவெளி 6 மி.மீ. என்று வைப்போம். திரும்பும் பாதையின் சாய்வு 1 பாகைகூட இல்லை, முக்கால் பாகைக்கும் குறைவு. கொஞ்சம் பிசகினால் படித்த வரியிலேயே மறுபடி விழுவோம், அல்லது ஒரு வரியைத் தாண்டிவிடுவோம். அதே வரியை 16 செ.மீ.க்குக் குறைத்தால் சாய்வு 2 பாகைக்கு மேல் போய்விடும், கண் தடுமாறாது. செய்தித்தாள் அவ்வளவு பெரிய தாளை வைத்துக்கொண்டும் பத்தி பத்தியாக அச்சடிப்பது இந்த வசதிக்குத்தான் உதவுகிறது.

"ஓலைச்சுவடி நீளவாக்கில்தானே எழுதினார்கள்?" என்று கேட்கலாம். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் ஓர் ஏட்டைப் பார்த்தால் புரியும். நீளத்தைப் பனை முடிவு செய்துவிட்டது, ஆனால் ஏட்டில் உள்ள வரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாற்பது வரிக்கு நடுவே தொலைவது போல அதில் தொலைய முடியாது.

வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்பது அச்சுக்கலைக்காரர்களின் பழைய கணக்கு. அது லத்தீன் எழுத்துக்குச் சொன்னது. உலாவியில் இருக்கும் ஓர் அளவு '0' என்ற இலக்கத்தின் அகலத்தை வைத்து எண்ணுகிறது. நம் 'ணை'யும் 'ஞௌ'வும் அந்தப் பூஜ்யத்துக்குள் அடங்குமா? 'நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறது' என்ற ஒரே சொல்லில் 18 எழுத்து. போனில் ஒரு வரியை அதுவே கிட்டத்தட்ட விழுங்கிவிடும். தமிழ் படிக்கும் கண்ணை அளக்க ஒரு கருவியும் நாலு மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தால், தமிழுக்கு மாநாட்டுப் பந்தல் போடுவதைவிட உருப்படியான செலவு என்பேன்.

அதுவரை நான் செய்வது இது: அகலத்தைப் பிக்சலில் வைக்காமல் எழுத்தின் அளவோடு கட்டிவிடுகிறேன், எழுத்துயரத்தைப் போல அதிகபட்சம் 36 மடங்கு. திரை சின்னதாக இருந்தால் பத்தி தானாகக் குறுகிக்கொள்ளும். என் மாமியார் கண்ணாடியைத் தேடாமல் எழுத்தைப் பெரிதாக்கினால், பத்தியும் கூடவே அகலும். மாம்பலம் வாசகர் அந்தக் காலி இடத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 24 அங்குலத்தில் இரண்டு பட்டைகள் தாராளமாக நிற்கும்.