ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மூன்றாம் வகுப்புப் பையனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். “வீட்டுல எல்லாக் கணக்கும் சரியாப் போடுறான் மேடம், பரீட்சையில மட்டும் கோட்டை விட்டுடுறான். பயம்தான்னு நினைக்கிறேன்” என்றார். வீட்டுப்பாட நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘டிக்’ விழுந்திருந்தது. விடை எழுதிய இடங்களில் மட்டும் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது.

அவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னேன். 25 என்று எழுதினான். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போட்டிருந்தான். அடுத்த கணக்கிலும் அதே கதை. பயமெல்லாம் இல்லை, கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளை வைத்து உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புரியவைத்துவிடலாம். ஆனால் தினமும் சாயங்காலம் அம்மா அந்த 25-ஐ அழித்து, “15னு எழுதுடா” என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் கண்ணுக்கு அந்த 25 போகவே இல்லை.

நாற்பது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு, ஒரு பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று காட்டிக்கொடுப்பது தப்பான விடைதான். அதைத்தான் நாம் வீட்டிலேயே துடைத்து அனுப்புகிறோம். பிள்ளையின் பள்ளி புராஜெக்டுக்காக இரவு பதினொரு மணிக்குத் தெர்மாகோல் வெட்டி அப்பாக்கள் செய்யும் எரிமலையும் இதே வகைதான். (அப்பாக்கள் நன்றாகவே செய்கிறார்கள், அது வேறு.)

விடை தப்பென்று தெரிந்தால் உடனே திருத்தாமல், “இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுவார்கள். பிடிபடவில்லையா, அப்படியே விட்டுவிட்டு, டைரியில் ‘இந்தக் கணக்கு வரவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சில வகுப்புகளில் இதற்குத் திட்டு விழும், தெரியும். அதைப் பிள்ளையின் தலையில் விடாமல் நீங்களே நேரில் போய்ப் பேசுவது நல்லது.

அடுத்தது, டைரி. இப்போது பல பிள்ளைகள் அதை எழுதுவதே இல்லை. எதற்கு எழுத வேண்டும்? அம்மாதான் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுவிடுவாரே! இரண்டு வாரம் குரூப்பில் கேட்காமல் இருந்து பாருங்கள். முதல் வாரம் வீடு கொஞ்சம் ரணகளமாகும். அப்புறம் டைரி தானாக நிரம்பும்.

எவ்வளவு நேரம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. நடைமுறை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் நான்காம் வகுப்புப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் நோட்டோடு மல்லுக்கட்டினால், ‘சோம்பேறி’ என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டுப்பாடம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், இல்லை பிள்ளைக்கு வேறேதோ சிரமம் இருக்கலாம்.

கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதி வருகிறதா? முதலில் கண்ணைச் சோதியுங்கள். பார்வை சரியாக இருந்தும், மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், எழுத்துகள் இடம் மாறி விழுந்தால், முழு ஆண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க அழைத்து வாருங்கள். வரும்போது பழைய நோட்டுகளையும் எடுத்து வாருங்கள், அழிக்காமல்.