ஸ்க்ராட்ச் டிஸ்க் – பணிவட்டு

ஃபோட்டோஷாப்பில் பெரிய படமொன்றைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டதால் கேட்டதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு செய்தி வந்து நிற்கும். ஸ்க்ராட்ச் என்றதும் நமக்குக் கீறல்தான் நினைவுக்கு வரும். வன்வட்டு பழுதாகிவிட்டதோ என்ற பயமும் கூடவே வரும். ஆனால் வட்டுக்கு எதுவும் ஆகவில்லை, மென்பொருள் தன் தற்காலிக வேலைக்கு அதில் எடுத்துக்கொள்ளும் காலியிடம் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஸ்க்ராட்ச் என்பதன் அடிப்படைப் பொருள் கீறுவதுதான். அதிலிருந்து அவசரமாகக் கிறுக்குவது என்ற பொருள் கிளைத்தது. ஸ்க்ராட்ச் பேப்பர், ஸ்க்ராட்ச் பேட் என்ற சொற்கள் இப்படி வந்தவை. கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை கிடைத்ததும் கிழித்துப் போடும் தாள் அது. பள்ளியில் ரஃப் நோட்டு என்போமே, அதேதான். கணினி உலகம் எடுத்துக்கொண்டதும் இந்தப் பொருளைத்தான். காந்த நாடாக்கள் புழங்கிய பெருங்கணினிக் காலத்தில், தரவுகளை வரிசைப்படுத்தும்போது பாதி முடிந்த பகுதிகளை எழுதி வைக்கச் சில நாடாக்களை ஒதுக்குவார்கள். வேலை முடிந்ததும் அவற்றின் மேலேயே வேறொன்றை எழுதலாம். அவற்றுக்கு ஸ்க்ராட்ச் டேப் என்று பெயர். நாடா போய் வட்டு வந்தபோது பெயரின் பின்பாதி மட்டும் மாறியது.

படத் திருத்த மென்பொருளுக்கு இது ஏன் தேவைப்பட்டது? ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் மேக் கணினிக்கு வெளிவந்தது. அன்றைய கணினிகளில் நினைவகம், அதாவது ரேம், சில மெகாபைட்டுகள்தான். நினைவகம் போதாதபோது வட்டை அதன் நீட்சியாகப் பயன்படுத்தும் மெய்நிகர் நினைவக வசதி, மேக் இயங்குதளத்துக்கே 1991இல் சிஸ்டம் 7 வந்தபோதுதான் கிடைத்தது. அதனால் ஃபோட்டோஷாப் அந்த ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டது. படத்தைச் சிறுசிறு சதுரத் துண்டுகளாகப் பிரித்து, அப்போதைக்குத் தேவையில்லாத துண்டுகளை வட்டுக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். நினைவகம் பல மடங்கு பெருகிய பின்னும் அந்த முறை மாறவில்லை, படங்களும் கூடவே பெருத்துவிட்டதால்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 6000 × 4000 பிக்சல் படம் ஒன்றில் 2.4 கோடி பிக்சல்கள். 8 பிட் வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால், திறந்தவுடன் 72 மெகாபைட். ஜேபெக் கோப்பாக அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி, திறந்தபின் இதுதான் அளவு. 16 பிட் வண்ணத்துக்கு மாற்றினால் 144. முழுப் படத்தையும் நிரப்பும் ஒவ்வோர் அடுக்குக்கும் (லேயர்) ஏறக்குறைய இதே அளவு கூடும். பின்நோக்கிச் செல்வதற்கான வரலாற்றுப் படிகள் வேறு; ஃபோட்டோஷாப் இயல்பாக 50 படிகளை வைத்திருக்கும். தூரிகையால் ஓரிடத்தைத் தொட்டால் மாறிய துண்டுகள் மட்டும் சேமிக்கப்படும், அதனால் பாதகமில்லை. முழுப் படத்துக்கும் வடிகட்டி (ஃபில்டர்) போட்டால்தான் ஒவ்வொரு படியும் ஒரு முழுப் படத்தின் இடத்தைக் கேட்கும். 8 பிட் படத்திலேயே இருபது முறை போட்டால் 1.4 ஜிகாபைட் போய்விடும்.

தமிழில் என்ன சொல்வது? கீறல் வட்டு என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பழுது என்ற அதே தவறான எண்ணத்தைத்தான் கொடுக்கும். தற்காலிக வட்டு பரவாயில்லை, ஆனால் தற்காலிகமானது அதில் எழுதப்படுவதுதான், வட்டு அல்ல. நான் பரிந்துரைப்பது பணிவட்டு: பணி நடக்கும்வரை பயன்படும் வட்டு. சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் வட்டமான தட்டு எதுவும் கிடையாதே என்று கேட்கலாம். டிஸ்க் என்ற ஆங்கிலச் சொல்லும் வட்டத்தைத்தான் குறிக்கிறது, பழக்கத்தால் நிற்கிறது. இங்கும் நிற்கட்டும்.

இதைத் தேக்ககத்தோடு, அதாவது கேஷோடு, குழப்பிக்கொள்ள வேண்டாம். மறைத்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வேரிலிருந்து வந்தது அந்தச் சொல். மறுபடி தேவைப்படக்கூடியதை வேகமாக எடுப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருப்பது தேக்ககம். நினைவகத்தில் இடமில்லாததை வாங்கி வைத்துக்கொள்வது பணிவட்டு. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில், படத் துண்டுகளை நினைவகத்தில் வைத்திருக்கும் டைல் கேஷின் அளவை நாமே வரையறுக்கலாம். அதைத் தாண்டும் துண்டுகள் வட்டில் உள்ள ஸ்வாப் கோப்புறைக்குப் போகும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் பெயர் ஸ்வாப்தான். பெயர் வேறானாலும் இவையும் பணிவட்டு செய்யும் வேலையையே செய்கின்றன.

சரி, நிரம்பிவிட்டால்? முதலில் அந்த வட்டில் வேண்டாத கோப்புகளை நீக்குங்கள். அப்புறம் விருப்பத்தேர்வுகளில் ஸ்க்ராட்ச் டிஸ்க் பகுதிக்குப் போய், இடம் அதிகமுள்ள வேறொரு வேகமான எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளே திறக்க மறுத்தால், விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்தியபடி தொடங்கினால் வேறு வட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன். எடிட் பட்டியலில் உள்ள பர்ஜ், வரலாற்றுப் படிகளைத் துடைத்து இடம் கொடுக்கும். ஆனால் துடைத்த படிகளுக்குத் திரும்ப வழியில்லை.

நினைவக ஒதுக்கீட்டை 100 விழுக்காட்டுக்கு ஏற்றிவிடுவது பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இயங்குதளத்துக்கு நினைவகம் மிஞ்சாவிட்டால் அதுவும் வட்டை நாடும், இரண்டும் சேர்ந்து கணினியையே தவழவைக்கும். இயல்பாக உள்ள 70 விழுக்காட்டு அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று: மென்பொருள் திடீரென நின்றுபோனால், ஃபோட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கும் பெரிய கோப்புகள் வட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. மென்பொருளை மூடிய பிறகு அவற்றை அழிக்கலாம்.