அட்மின் குடுத்தால் எல்லாம் சரிவரும் எண்டு ஆர் சொன்னது?

போன கிழமை சுன்னாகம் பக்கத்துக் கல்வி நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு. "தம்பி, சொவ்ட்வெயர் இப்ப நல்லா ஓடுது. ஆனா தை மாசத்துக்குப் பிறகு பதிஞ்ச கட்டணம் ஒண்டையும் காணேல்லை. ஒருக்கா வந்து பாக்கேலுமே?"

"நல்லா ஓடுது" என்று தொடங்குகிற அழைப்புகளுக்குத்தான் எனக்குப் பயம். ஓடாத ஒன்றைத் திருத்தலாம். நல்லா ஓடுகிறது, ஆனால் ஏதோ காணவில்லை என்றால், எனக்கு முந்தி ஒருவர் வந்து திருத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தேன். கட்டணம் பதிகிற மென்பொருள் பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு. செய்து கொடுத்தவர் இப்போது வெளிநாட்டில். தை மாதம் வரை எல்லோரும் ஒரே அட்மின் கணக்கில், அதாவது கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள கணக்கில், உட்கார்ந்து, அந்த மென்பொருளையும் அட்மினாகவே ஓட்டியிருக்கிறார்கள். தையில் யாரோ நல்ல மனத்தோடு, பதிகிற பிள்ளைக்கு மட்டும் கட்டுப்பாடுள்ள தனிக் கணக்கு (சாதாரணக் கணக்கு) ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். அது சரியான வேலை. அப்புறம் வைகாசியில், அறிக்கையை எக்ஸெல்லுக்கு அனுப்பும்போது பிழைச் செய்தி வர, திருத்த வந்த பெடியன் வழமையான வைத்தியத்தைச் செய்தான். பிள்ளையின் கணக்கை அட்மின் ஆக்கி, மென்பொருள் எப்போதும் அட்மினாகவே திறக்கும்படி டிக் போட்டான். திறந்தால் கட்டணப் பதிவு தை மாதத்தோடு நிற்கிறது. உடனே வைரஸ் என்று தீர்ப்பு. மென்பொருளின் கோப்புறையைப் பென்ட்ரைவில் பிரதியெடுத்தான், டிஸ்க்கை முழுதாக அழித்தான், புது விண்டோஸ் போட்டான், கோப்புறையைத் திரும்ப வைத்தான், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"நான் ஒவ்வொரு நாளும் பதிஞ்சனான் அண்ணா. பிறின்ற் எடுத்துக் குடுத்தும் இருக்கிறன்" என்றாள் அந்தப் பிள்ளை, அழாத குறையாக. கல்வி நிலைய நிர்வாகி ஒன்றும் பேசவில்லை. காசு விஷயம். அவர் அவளைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார் என்பது அறைக்குள் கால் வைத்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

பிள்ளை சொன்னது முழு உண்மை. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. பழைய 32 பிட் மென்பொருள் ஒன்று தன் தரவை, மென்பொருள்கள் நிறுவப்படுகிற 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே எழுதப் பார்க்கும். சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பிழை காட்டி நிறுத்தினால் பழைய மென்பொருள்கள் பாதி ஓடாது என்பதால், விண்டோஸ் சத்தம் போடாமல் அந்தக் கோப்பின் பிரதி ஒன்றை அந்தப் பயனரின் சொந்த இடத்தில் வைத்து, எழுதுவதையெல்லாம் அதில் எழுதவிடும். யூசர்ஸ், அதற்குள் அவருடைய பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வெர்ச்சுவல்ஸ்டோர். அங்கே. மென்பொருளுக்கும் தெரியாது, பயனருக்கும் தெரியாது. ஆப்டேட்டா கோப்புறையே மறைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும்.

ஆக, தையிலிருந்து வைகாசி வரை அவள் பதிந்ததெல்லாம் அவளுடைய வெர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. மென்பொருளை அட்மினாகத் திறந்ததும் அது மூலக் கோப்பைக் காட்டியது, அதாவது தை மாதத்தை. தரவு தொலையவே இல்லை. தொலைத்தது போமற், அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்தது. பெடியன் பிரதியெடுத்ததும் அந்த மூலக் கோப்பைத்தான். புது விண்டோஸைப் பழையதின் மேலேயே போட்டிருந்தால்கூட 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் எல்லாம் கிடந்திருக்கும். அழித்துப் போட்டதும், அது எஸ்எஸ்டியாக இருந்ததும் சேர்ந்து கதையை முடித்துவிட்டன. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும், பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரித் தோண்டி எடுக்க ஏலாது.

(நிர்வாகி இந்த நாலு மாதத்தில் ஒரே ஒரு நாள் தன்னுடைய கணக்கில் அந்த மென்பொருளைத் திறந்து பார்த்திருந்தால், அன்றைக்கே விஷயம் பிடிபட்டிருக்கும். அவரிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.)

இதே மாதிரி எனக்கு வருவது இது முதலாவது இல்லை. ஒவ்வொரு முறையும் வேர் ஒன்றுதான்: "அட்மின் குடுத்தால் ஓடும்."

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 2001இல் வந்த எக்ஸ்பியை நிறுவும்போது, போடுகிற கணக்கெல்லாம் அட்மின் கணக்காகவே போடும். ஒரு தலைமுறை முழுக்க அப்படியே பழகிவிட்டது. மென்பொருள் எழுதியவர்களும் தங்கள் அட்மின் கணக்கிலேயே எழுதி, அதிலேயே பரிசோதித்து, ஓடுகிறது என்று விற்றார்கள். நானும் அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அட்மின் கொடுத்தவன்தான். கெதியாக முடிகிற வேலை, வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். மேசையில் ஒரு லாச்சி திறபடவில்லை என்பதற்காக வீட்டுத் திறப்புக் கோர்வையையே கையில் கொடுத்து அனுப்புகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

வேர்ட், எக்ஸெல், அவுட்லுக் எதற்கும் ஓடுவதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. நிறுவத் தேவை, பழுதுபார்க்கத் தேவை. ஓடத் தேவையில்லை. இதைச் சொன்னால் "இல்லைத் தம்பி, எங்கட கந்தோர்ல அட்மின் குடுத்தாப் பிறகுதான் வேலை செய்தது" என்பார்கள். செய்திருக்கும். எந்தக் கோப்புறை அனுமதி மறுத்ததோ, அதை அட்மின் மிதித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். ஏன் மறுத்தது என்று யாரும் பார்க்கவில்லை. சிலவேளை காரணம் இன்னும் வெட்கமானது. களவு ஒஃபிஸ் போட்டு, அதைச் 'செயற்படுத்த' ஒரு நிரலை அட்மினாக ஓடவிட்டு, அது ஓடுவதற்காக வைரஸ் காப்பையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். சாதாரணக் கணக்கில் அந்த நிரலால் ஓட முடியாது, ஒஃபிஸ் முறைப்பாடு செய்யும். பழி கணக்கின் மேல்.

அட்மினாக ஓட்டினால் புதுப் பிழைகளும் வரும், இதை நம்ப மறுக்கிறார்கள். ஒரு ரீச்சர் அழைத்தார்: "நோட்பேட்டில தமிழ் விழுகுது, வேர்ட்டில மட்டும் விழுகுதில்லை." அரை மணித்தியாலம் விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் வேர்ட்டின் குறுக்குவழியில் யாரோ 'அட்மினாக ஓட்டு' என்று டிக் போட்டிருக்கிறார்கள். பின்னணியில் சாதாரண உரிமையோடு ஓடுகிற தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அட்மின் உரிமையோடு ஓடுகிற வேர்ட்டுக்குள் எழுத்தை அனுப்ப விண்டோஸ் விடாது. டிக்கை எடுத்தேன், தமிழ் விழுந்தது. அதே காரணத்தால் வெளியிலிருந்து ஒரு படத்தை இழுத்து வேர்ட்டுக்குள் போடவும் முடியாது. கந்தோரின் பொது டிரைவும் பல இடங்களில் கண்ணில் படாது. பிறகு "நெட்வேர்க் பிழை" என்று இன்னொருவரைக் கூப்பிடுவார்கள்.

சரி, சாதாரணக் கணக்கில் உண்மையிலேயே பழுதாவது எது? நான் அதிகம் காண்பவற்றைச் சொல்கிறேன்.

எக்ஸெல் திறக்கும், திருத்த விடும், சேமிக்கும்போது மட்டும் முடியாது என்னும். எக்ஸெல் சேமிக்கும்போது அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கும். கோப்பை மாற்ற அனுமதி கொடுத்துவிட்டு, கோப்புறையில் புதிதாக உருவாக்கவும் நீக்கவும் அனுமதி கொடுக்காமல் விட்டால் அது என்ன செய்யும்? அக்சஸ் தரவுத்தளமும் இதே ரகம். திறக்கும்போதே பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கப் பார்க்கும், முடியாவிட்டால் வாசிக்க மட்டும் என்று திறக்கும். "பதிய விடுதில்லை" என்று வரும் அழைப்புகளில் இதுவும் ஒன்று. இரண்டுக்கும் மருந்து, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் 'மொடிஃபை' அனுமதி. அவ்வளவுதான்.

பாமினி எழுத்துருவால் வருவது தனி வழக்கு. எங்கள் ஊரில் பழைய கடிதம், பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுகிற பழைய எழுத்துரு. விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, எழுத்துருவை வலச் சொடுக்கி 'இன்ஸ்டோல்' என்றால் அது அந்த ஒரு கணக்குக்கு மட்டும் போகும். அடுத்தவர் தன் கணக்கில் அதே கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதானே, அதனால் அரைப்புள்ளி மழை. "ஃபைல் பழுதாப் போச்சு" என்று அழிக்கப் பார்த்தவர்களையும் தடுத்திருக்கிறேன். 'எல்லாப் பயனருக்கும்' என்ற தெரிவைக் கொடுத்து, அட்மின் கடவுச்சொல்லை ஒருமுறை அடித்தால் முடிந்தது.

பிறின்ரர் பற்றிச் சுருக்கமாக: இயல்பு பிறின்ரர் எது என்பதும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. 2021 ஆவணியில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பகிர்ந்த பிறின்ரரின் டிரைவரைப் போட அட்மின் வேண்டும். ஒருதடவை நீங்கள் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வேர்ட் மூடும்போதெல்லாம் 'நோர்மல்' என்ற வார்ப்புருவைப் பற்றிக் கேள்வி கேட்டால், அந்தக் கணக்குக்கு உள்ளே இருக்கிற வார்ப்புருக் கோப்பு பழுது அல்லது பூட்டு. பெயரை மாற்றி வையுங்கள், வேர்ட் புதிதாக ஒன்று செய்துகொள்ளும். வேர்ட்டைக் கன்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு திறந்தால் சேஃப் மோடில் வரும். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றம் வேர்ட்டோடு ஒட்டி ஓடுகிற ஏதோ ஒரு ஒட்டுமென்பொருளில் (அட்-இன்).

எது மறுக்கிறது என்று தெரியாவிட்டால், தொழில் செய்கிற தம்பிமாருக்கு ஒரு சொல்: மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியில் புரொசெஸ் மொனிட்டர் இருக்கிறது, இலவசம். ஓடவிட்டு, மென்பொருளைப் பழுதாக விட்டு, 'அக்சஸ் டினைட்' என்ற வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்தக் கோப்புறை, எந்த ரெஜிஸ்ட்ரி விசை என்று அதுவே சொல்லும். அந்த ஒரு கதவை மட்டும் திறந்து விடுங்கள். இன்னொரு வேலை, அதற்கும் முந்தி: புதிதாக ஒரு சாதாரணக் கணக்குப் போட்டு அதில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் பிழை உரிமையில் இல்லை, பழைய கணக்கு பழுதாகியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஒருவரும் செய்வதில்லை.

கந்தோர் நடத்துகிறவர்களுக்கு:

அட்மின் கணக்கு ஒன்று, கடவுச்சொல் இருவருக்கு மட்டும். மொனிட்டரில் ஒட்டி வைக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை, போன மாதமும் பார்த்தேன். பழைய கணக்கு மென்பொருளின் தரவை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, டி டிரைவில் ஒரு கோப்புறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற இடமில்லாத மென்பொருள் என்றால், வேறொன்று பார்க்கும் காலம் வந்துவிட்டது. காப்புப் பிரதி எடுத்தால் அதை இன்னொரு கணினியில் திறந்து, கடைசித் திகதி என்ன என்று பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நான் பிரதி என்று கணக்கெடுப்பதில்லை.

சாதாரணக் கணக்கு இருந்தால் வைரஸே வராது என்று நான் சொல்லவில்லை. கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் நச்சுநிரல், சாதாரணக் கணக்கிலும் அந்தப் பயனர் தொடக்கூடியதையெல்லாம் பூட்டும். அட்மின் என்றால் மற்றவர்களின் கோப்புகளையும், விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கும் பழைய நகல்களையும் சேர்த்து முடித்துவிடும். ஊரெல்லாம் சுற்றிய மாணவரின் பென்ட்ரைவை நாளுக்குப் பத்துத் தரம் செருகுகிற கணினிக்கு அட்மின் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவெடுங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். போமற் பண்ண வேண்டும் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், யூசர்ஸ் கோப்புறை முழுவதையும், மறைந்ததோடு சேர்த்து, வெளியே எடுத்து வைத்த பிறகு பண்ணச் சொல்லுங்கள். டிஸ்க்கில் இடமில்லை என்றால் பழைய டிஸ்க்கைக் கழற்றி லாச்சியில் வையுங்கள். புது எஸ்எஸ்டி ஒன்றின் விலை அந்தத் தரவின் விலையிலும் குறைவு.

சுன்னாகத்தில் நான் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை. தரவை டி டிரைவுக்கு மாற்றினேன், பிள்ளையின் கணக்கை மறுபடி சாதாரணக் கணக்காக்கினேன், வெர்ச்சுவல்ஸ்டோர் என்றால் என்ன என்று நிர்வாகியை உட்கார வைத்து என் மடிக்கணினியில் செய்து காட்டினேன். இரண்டு தரம் காட்டச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து கையால் எழுதிய பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் கார்பன் பிரதிகளைக் கட்டோடு கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்து, "பிள்ளை, நானும் சொல்லச் சொல்லப் பதிவம்" என்றார். நேற்று அழைத்துக் கேட்டேன். பங்குனி மாதத்தில் நிற்கிறார்களாம்.